பாண் ஆட்டோவில் ஏறிய தேசியக் கொள்கை

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நியமனக் கடிதம் கொடுத்த சூட்டோடு சூடாக உங்கள் கையில் ஒரு தடித்த புத்தகத்தையும் திணித்திருப்பார்கள். காலநிலை மாற்றத்துக்கு நாடு எப்படி முகங்கொடுக்கப் போகிறது என்று அச்சடித்த கொள்கையும் அதன் செயற்றிட்டமும். நீங்கள் அதை இன்னும் திறந்திருக்க மாட்டீர்கள். எனக்குக் கிடைத்த முதலாவது வரைவை நான் ஒரு மாதம் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன், ஆகவே உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் திறந்து பாருங்கள். மலைப் பிரதேசங்களுக்கான பகுதியில், எச்சரிக்கை கேட்டு வீட்டை விட்டு வெளியேறும் மக்களுக்குச் சாப்பாடு கொடுப்பது பற்றி ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அதை நினைத்தால் எனக்குக் கை கால் பரபரக்கிறது. உட்கார்ந்து சொல்ல முடியாது, நடந்துகொண்டேதான் சொல்வேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த பிழை அங்கேதான் தொடங்குகிறது. தெஹியோவிட்ட பஜாரில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சுற்றியிருக்கும் றப்பர் தோட்டங்களிலிருந்து சம்பள நாளில் வருகிறவர்களை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். எல்லாரும் தமிழர்கள், நானும் தமிழ். பிறகு அந்தப் பக்கத்துப் பிரதேச அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. தமிழ் எழுதத் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் நான்தான். தோட்டம் என்ற சொல் வரும் கோப்பெல்லாம் என் மேசைக்கே வரும். முப்பது வருடம் அப்படி ஓடியதில் தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிர் வந்துவிட்டது. கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்த தோட்டத்தைத்தான் தோட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொள்கையில் இரண்டு பெரிய சொற்கள் இருக்கும்: தணிப்பு, இசைவாக்கம். பயந்துவிடாதீர்கள். தணிப்பு என்றால் புகையைக் குறைப்பது. இசைவாக்கம் என்றால், குறையாத புகையால் தாறுமாறாகிப்போன மழைக்குள் உயிரோடு இருக்கப் பழகுவது. எங்கள் மலைக்கு இரண்டாவதுதான் அவசரம். முன்பு பத்து நாள் பரவிப் பெய்த மழை இப்போது ஒரே காலையில் கொட்டிவிட்டுப் போகிறது. மண் தாங்குமா?

தெரணியகலைப் பாதையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு றப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு செங்குத்தான மலைக்கு அடியில் மூன்று லயங்கள், ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள், வரிசையாக இருந்தன. அதில் கீழ் லயம் மலையோடு முதுகு ஒட்டி நிற்கும். சமைக்கிற குசினியின் பின்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையலாம், அவ்வளவுதான். மண்சரிவு ஆய்வுக்கு வந்தவர்கள் அந்த மலையைச் சிவப்பில் குறித்துவிட்டுப் போனார்கள். வேறு காணி கொடுத்து வீடு கட்டித் தரும் வேலை நடக்கும் என்றார்கள், அது நடக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் ஆட்களுக்கு நேரத்தோடு எச்சரிக்கை போக வேண்டும். எச்சரிக்கை கடைசி வீடு வரை போய்ச் சேர வேண்டும் என்று வரைவில் இருந்தது. எப்படி என்பதை ஒவ்வொரு பிரதேசமும் பரீட்சித்து எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பள்ளத்தில் தொலைபேசி சிக்னல் எடுக்காது. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஸ்டோரில், அதாவது தோட்டத்து றப்பர் தொழிற்சாலையில், பழைய சைரன் சங்கு ஒன்று இருந்தது. ஊதினால் மூன்று மலைக்குக் கேட்கும். மூன்று முறை நீளமாக ஊதினால் எல்லாரும் வெளியே வந்து பாடசாலைக்குப் போக வேண்டும். எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் அதிகாரியிடம் ஓடினேன்.

எங்கள் அதிகாரி சிங்களவர். குள்ளமான மனிதர், வெயிலிலும் குடையோடுதான் வருவார். அவரிடம் எந்தத் திட்டத்தை நீட்டினாலும் ஒரே கேள்வி: “ஈட்ட பஸ்ஸே?” அதற்குப் பிறகு என்ன என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லால் அவர் கிழித்துப்போட்ட திட்டங்கள் ஏராளம். நாங்கள் அவருக்குப் பின்னால் அவரை ‘பஸ்ஸே சேர்’ என்றுதான் கூப்பிடுவோம்.

“சங்கு ஊதும்” என்றேன்.

“ஈட்ட பஸ்ஸே?”

“ஆட்கள் வெளியே வருவார்கள்.”

“ஈட்ட பஸ்ஸே?”

“பாடசாலைக்குப் போவார்கள்.”

“போவார்களா என்று கேட்டுப் பார்த்தீர்களா?”

“சேர், அவர்கள் என் ஆட்கள்” என்றேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒத்திகைக்கு ஒரு சனிக்கிழமை குறித்தோம். மாவட்டத்திலிருந்து பெரிய ஆட்கள், ஒரு கமெரா, எல்லாருக்கும் மழைச்சட்டை. காலை ஆறரை, மெல்லிய தூறல். நாங்கள் பாடசாலை மேட்டில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் மூன்று லயமும் கண்ணுக்கு நேரே தெரியும். வாசலில் ஆட்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள், சில பெண்கள் றப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன். ஸ்டோர்ச் சங்கு மலை அதிர ஊதியது.

வாசலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள். உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை ஊதியது. மிச்சமிருந்த கதவுகளும் சாத்தப்பட்டன. மூன்றாவது ஊதலுக்கு லயத்தில் ஒரு நாய்கூட வெளியே இல்லை. கமெராக்காரர் மெதுவாகக் கமெராவை இறக்கினார். எங்கள் அதிகாரி குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

நான் சேற்றில் வழுக்கிக்கொண்டு கீழே ஓடினேன். கீழ் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் பத்மா இருந்தாள். என் வயதை ஒட்டியவள், றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், வாய் துடுக்கு. கதவைத் தட்டினேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து திறந்தாள்.

“என்ன பத்மா, சங்கு கேக்கலையா?”

“கேட்டுச்சே மிஸ். அதான் படுத்துட்டோம்.”

“படுத்துட்டீங்களா?”

“மரம் நனைஞ்சா பால் வெட்ட முடியாதில்ல? இன்னிக்கு வேலை இல்லன்னு ஸ்டோர்ல ஊதுவாங்க. மழைச் சங்கு. எங்க தாத்தா காலத்துலேருந்து அப்புடித்தான்.”

“நான் மூணு தரம் ஊதச் சொன்னேனே! நோட்டீஸ்லயும் போட்டிருந்துச்சே!”

“யாரு மிஸ் எண்ணிக்கிட்டுப் படுக்குறது? மொத ஊதலுக்கே போர்வைய இழுத்துருவோம்.”

யோசித்துப் பாருங்கள். மலை சரியக்கூடிய அந்த மழையில், மலையடியில் இருக்கும் வீட்டுக்குள் போய்ப் படுங்கள் என்று சொல்லும் ஒரு சத்தத்தை நான் தேசியத் திட்டத்துக்குள் எழுதி அனுப்ப இருந்தேன். கடையில் சாமான் வாங்க வருகிறவர்களிடம் மழை பெய்தால் காலையில் என்ன செய்வீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தபோதுதான் வளைவில் பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்டது. நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது அது? ஸ்பீக்கரில் கிணுகிணு என்று ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாணும் பணிஸும் விற்க வருகிற முச்சக்கரவண்டி. கீழ் லயத்தில் பதினொரு கதவும் ஒன்றாகத் திறந்தன! போர்வையோடு ஒருவர், பல்லில் கரியோடு ஒருவர், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, கையில் பையோடு எல்லாரும். மேல் லயத்திலிருந்து படியில் இறங்கி ஓடி வருகிறார்கள். ஊன்றுகோலோடு ஒரு தாத்தாகூட வந்துவிட்டார். நான் நிமிர்ந்து பாடசாலை மேட்டைப் பார்த்தேன். அங்கே எங்கள் அதிகாரி குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குடையை மடக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாண் ஆட்டோ ஓட்டுகிறவர் பெயர் சுனில். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர், லயங்களில் விற்று விற்றுத் தமிழ் பழகியவர். எந்தக் காம்பராவில் யார் படுக்கையில், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யாருக்குச் சீனி கூடாது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். எச்சரிக்கைக்கு அந்தப் பாட்டையே போட வேண்டும் என்றதும் சிரித்தார். “ஹரி, சரி மிஸ், பாட்டு தானே? போட்டாப் போச்சு” என்றார். நான் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எழுதிய வேகத்தில் பேனா தாளில் ஓட்டை போட்டது.

இங்கே கதையை முடித்தால் எனக்கு நல்ல பெயர்தான். ஆனால் இரண்டாவது பிழை இனிமேல்தான் வருகிறது, அது முதலாவதைவிடப் பெரியது.

தென்மேல் பருவமழை தொடங்கிய வாரம். ஒரு காலை சிவப்பு எச்சரிக்கை வந்தது. சுனிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேக்கரியில் இன்னும் பாண் இறங்கவில்லை என்றார். “பாண் எதுக்கு, பாட்டுத்தானே வேணும், வெறும் வண்டியோடு போங்க” என்று அவசரப்படுத்தினேன். போனார். பாட்டுப் போட்டார். ஆட்கள் பையோடு வெளியே வந்தார்கள். பாண் இல்லை, எல்லாரும் பாடசாலைக்குப் போங்கள் என்றார். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஒருவர்கூட மிச்சமில்லாமல்! சுனில் பெரிய பாதைக்கு இறங்கி வந்து தொலைபேசியில் சொன்னதும் நான் அலுவலகத்தில் துள்ளிக் குதித்தேன்.

மலை சரியவில்லை. அது பிழையல்ல, எச்சரிக்கை என்றால் பத்தில் சில தடவை ஒன்றும் நடக்காமலும் போகும். பிழை வேறு. மத்தியானம் ஆனதும் பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின. சமைத்த சாப்பாடு கொடுக்க எங்கள் சுற்றறிக்கையில் இடம் இருந்தது, ஆனால் அனர்த்தம் நடந்த பிறகு. நடக்காத அனர்த்தத்துக்குச் சோறு இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, மழையிலேயே, லயத்துக்குத் திரும்பிப் போய், மலையோடு ஒட்டிய அந்தக் குசினியில் அடுப்புப் பற்ற வைத்தார்கள். இது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. சொன்னவர் சுனில். அவர் அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தார்.

“மிஸ், நம்ம பாட்டு போட்டா இப்ப ஒரு ஆளும் வர்றது இல்ல. ஜன்னல்ல பாக்குறது, திரும்பக் கதவு சாத்துறது. பாண் இருக்கு இருக்குன்னு தொண்டை கிழியக் கத்தினேன், நம்புறது இல்ல. வெறும் வண்டி கொண்டுபோய் ஆளுங்களப் பசியில வச்சோம் தானே? நீங்க எடுத்த பாட்டை நமக்குத் திருப்பிக் குடுங்க.”

அந்த மனிதரின் பிழைப்பை நான் ஒரே காலையில் கெடுத்துவிட்டேன். அதைவிடப் பயங்கரம், அந்த மலைக்கு அடியில் இருக்கும் ஆட்களை வெளியே எடுக்க இருந்த ஒரே சத்தமும் செத்துவிட்டது. பின்னேரம் லயத்துக்குப் போனேன். பத்மா வாசலில் வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

“பாண் பாட்டப் போட்டுப் பசியில குந்த வச்சிட்டீங்க மிஸ். இன்னொருக்கா கூப்புட்டா யாரும் வர மாட்டாங்க. நானும் வர மாட்டேன்.”

“மலை விழுந்தா?”

“விழுந்தா விழட்டும். புள்ளைங்க பசியில அழுறத எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருக்குறது?”

இரண்டு வாரம் சுனில் பாட்டில்லாமல் ஹோர்ன் அடித்து விற்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பாதையின் அடுத்த பக்கத்தால் நடந்தேன்.

அதற்குப் பிறகு வந்தது அந்தக் காலை. இரவு முழுக்கப் பெய்த மழை விடியவும் விடவில்லை. ஏழு மணிக்குத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து செய்தி: கீழ் லயத்துக்கு மேலே மண்ணில் வெடிப்பு, கைவிரல் போகிற அகலம். சிவப்பு எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. நான் சுனிலைத் தொலைபேசியில் எடுத்தேன்.

“வெறும் வண்டியோட நான் போறது இல்ல மிஸ்” என்றார். “போனாலும் வர மாட்டாங்க. பாண் ஏத்திக் குடுங்க, போறேன். வண்டி நிறைய.”

கோபம் வந்தது எனக்கு. உயிர் போகிற நேரத்தில் வியாபாரமா என்று கேட்க வாய் திறந்தேன். அப்போதுதான் முதல் தடவையாக, எங்கள் அதிகாரி கேட்காமலே, அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கேட்டது. பாட்டுப் போட்டால் வருவார்கள். பிறகு? பாடசாலைக்குப் போவார்கள். பிறகு? மத்தியானம் ஆகும். பிறகு? பசிக்கும். பிறகு? பத்மா எழுந்து அந்தக் குசினிக்குத் திரும்பிப் போவாள். சுனில் வியாபாரம் பேசவில்லை, எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். இதை நான் இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பேக்கரிக்கும் கூட்டுறவுக் கடைக்கும் அலுவலகக் கட்டளை போக வேண்டும். கட்டளைக்குக் காரணம் எழுத வேண்டும். பக்கத்து மேசைக்காரர் நல்லவர், எனக்கு உதவத்தான் சொன்னார்: “அனர்த்தம் நிகழ்ந்தது என்று எழுதுங்கள் மிஸ். இந்த மழைக்குப் பின்னேரத்துக்குள் எங்கேயாவது ஒரு மண்திட்டு விழாமலா போகும்? யார் பார்க்கப் போகிறார்கள்?”

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அப்படி எழுதியிருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. என் கை அந்தச் சொல்லை எழுதக்கூடத் தொடங்கியது. ஆனால் சுற்றறிக்கை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு பொய்யை நானே கோப்பில் வைத்தால், அதில் ஓட்டை இருப்பது மேலே இருக்கிற எவருக்கும் எப்போதுமே தெரிய வராது. வெட்டிவிட்டுக் கீழே எழுதினேன்: அனர்த்தம் இன்னும் நிகழவில்லை. நிகழ்வதற்கு முன் மக்களை வெளியே எடுத்து, வெளியே வைத்திருக்க உணவு தேவை. சுற்றறிக்கையில் இதற்கு இடமில்லை என்பதை அறிவேன். பொறுப்பு என்னுடையது. திகதி, நேரம் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

எங்கள் அதிகாரி வாசித்தார்.

“மலை விழாவிட்டால்?”

“எனக்குக் கேள்வி வரும் சேர்.”

“ஈட்ட பஸ்ஸே?”

“பதில் எழுதுவேன்.”

பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். “ரெண்டு பேருக்கும் வரட்டும்” என்றார், தமிழில். அவருக்கு அவ்வளவு தமிழ் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

கூட்டுறவுக் கடையின் பருப்பு முன்னாலேயே பாடசாலைக்குப் போய்விட்டது, எட்டரைக்கெல்லாம் சுனிலின் வண்டியில் பாண் பெட்டி கூரை வரைக்கும். நான் முன்சீட்டின் ஓரத்தில் தொற்றிக்கொண்டேன், என் மடியிலும் ஒரு தட்டுப் பணிஸ். பாதை ஆறாக ஓடியது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். நான் தேசியக் கொள்கையைத் தள்ளிக்கொண்டு மலை ஏறுகிறேன் என்று நினைத்ததும் அந்த மழையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுனில் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

லயத்து வளைவில் பாட்டைப் போட்டார். கதவு ஒன்றும் திறக்கவில்லை. ஜன்னலில் முகங்கள். நான் இறங்கிப் பெட்டியின் கதவை அகலத் திறந்து வைத்தேன். சூடான பாணின் வாசம் மழைக்குள் கிளம்பியது.

சுனில் ஸ்பீக்கரைப் பிடித்தார். “பாருங்க! பாண் இருக்கு! சூடு! காசு வேண்டாம்! ஆனா இங்க குடுக்குறது இல்ல, ஸ்கூல்ல தான் குடுக்குறது! பருப்பும் அங்க வேகுது!”

முதலில் திறந்தது பத்மாவின் கதவு. வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பாணைத் தொட்டும் பார்த்தாள். பிறகு லயத்தைப் பார்த்துத் திரும்பி, நான் ஆயுளில் கேட்காத ஒரு குரலில் கத்தினாள்: “நெசமாத்தான் இருக்கு! கெளம்புங்கடி!”

சுனில் பாட்டை நிறுத்தாமல் வண்டியை மெதுவாக மேட்டில் விட்டார். பின்னால் மூன்று லயமும் நடந்தது. குடையும் உரச் சாக்கும் பொலித்தீனும் தலையில். படுக்கையில் இருந்த இரண்டு பேரையும் எந்தக் காம்பரா என்று சுனில் சொல்லச் சொல்ல நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். எனக்குச் சத்தம் போட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பயம், இரண்டும் ஒன்றாக.

மத்தியானம் பாணும் பருப்பும் சம்பலும். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. பின்னேரம் இரண்டு மணி தாண்டியிருக்கும், பத்மா பிள்ளைகளுக்கு இரண்டாம் தரம் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரிய லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. நாங்கள் மேட்டின் ஓரத்துக்கு ஓடினோம். றப்பர் மரங்கள் நின்றபடியே நகர்ந்து கீழே வந்துகொண்டிருந்தன. கீழ் லயத்தின் குசினிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. கூரைத் தகரம் ஒன்று மட்டும் மேலே சாய்ந்து நின்றது.

பத்மாவின் கையில் பருப்பு அகப்பை அப்படியே இருந்தது.

“மிஸ்” என்றாள். “இந்நேரம் நான் அடுப்பு முன்னால குந்தியிருப்பேன்.”

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். உத்தியோகத்தர் அழக்கூடாது என்று பயிற்சியில் சொல்வார்கள். அதைச் சொல்கிறவர்கள் அந்த மேட்டில் நின்றதில்லை.

கேள்வி வந்தது, வராமல் இருக்குமா? அனர்த்தம் நிகழ ஐந்து மணி நேரத்துக்கு முன்பே நிவாரண உணவு கொடுத்தது எந்த விதியின் கீழ் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம். நான் என் குறிப்பின் பிரதியை இணைத்து அனுப்பினேன். எங்கள் அதிகாரி இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, கொழும்பில் வரைவை இறுதி செய்யும் கூட்டத்துக்கு பஸ் ஏறினார். அவிசாவளையில் இறங்கி டீ வாங்கிக் கொடுத்தார். “உங்கள் ஆட்களைப் பற்றி இன்றைக்குப் பேசுங்கள்” என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அங்கே எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சங்கை ஊதி ஆட்களைப் படுக்க வைத்த கதையையும் மறைக்காமல் சொன்னேன். பாண் ஆட்டோ என்றதும் மண்டபம் சிரித்தது. சிரித்து முடியட்டும் என்று நின்றேன். வரைவை எழுதும் குழுவிலிருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்காமல் என் குறிப்பை வாங்கி, நேரத்தைப் பார்த்தார், வெட்டியிருந்த சொல்லைப் பார்த்தார். “நிகழ்ந்தது என்றே நீங்கள் எழுதியிருந்தால், சுற்றறிக்கை ஒழுங்காக வேலை செய்த இன்னொரு இடம் என்று நாங்கள் குறித்திருப்போம்” என்றார். அதன் பிறகு எவரும் சிரிக்கவில்லை.

பல மாதம் கழித்துத் தமிழ்ப் பதிப்பு சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இருந்தது! எச்சரிக்கையின் பேரில் வெளியேறுகிறவர்களுக்கு அனர்த்தம் நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் உணவு உண்டு என்று ஒரு வரி. எச்சரிக்கைச் சைகையை அந்தந்த இடத்து மக்களிடம் கேட்டே தெரிவு செய்ய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு சின்ன வால். நான் போட்ட கூச்சலுக்கு மேல்மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ‘நிகழாவிட்டாலும்’ என்ற அந்தச் சொல்லைப் போல ஓர் அழகான சொல்லை நான் தமிழில் கண்டதில்லை.

சுனிலின் பாட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தற்காலிகக் கொட்டிலில் இருந்தபடி பத்மாதான் அதற்கு வழி சொன்னாள். வியாபாரத்துக்கு வந்தால் வண்டி நின்றதும் பாட்டையும் நிறுத்த வேண்டும். எச்சரிக்கை என்றால் நிறுத்தவே கூடாது, பாடிக்கொண்டே மேட்டுக்குப் போக வேண்டும். “பாட்டு நின்னா பாண், நிக்காட்டிப் பள்ளிக்கூடம்” என்றாள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் சொல்லித் திரிந்தன. நான் எழுதிய எந்த அறிவித்தலும் இந்த ஓட்டம் ஓடியதில்லை. சுனில் மறுநாளே ஸ்பீக்கரைத் துடைத்து மாட்டினார். பத்மாவின் ஆட்களுக்கான புது வீடுகளில் பாதிக்குத்தான் இன்றைக்கும் கூரை ஏறியிருக்கிறது. மீதியின் கோப்பு இப்போது உங்கள் மேசைகளில்தான் எங்கேயோ இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

சுனில் இப்போது எங்கள் தெருவுக்கும் வருகிறார். காலையில் வளைவில் பாட்டுக் கேட்டதும் நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன், ஆனால் இறங்க மாட்டேன். வண்டி நிற்கிறதா, பாட்டு நிற்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். நின்றதும் மூச்சை விட்டுவிட்டுப் போய்ப் பாண் வாங்குவேன்.

நிற்காத காலை ஒன்று வரும். அன்றைக்கு அந்த வண்டியில் பாண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள்.